அறுபது சிங்கி இறாலும் ஒரு போனும்

ரெனிஷா மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தாள். சார்ஜ் இருக்கிறது. ரேஞ்சும் இருக்கிறது. கால்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். இன்றைக்குப் புதன்.

மார்த்தாண்டத்துப் பிள்ளை. பி.எஸ்ஸி. விலங்கியல், இரண்டாம் வருடம். கோடை லீவில் இரண்டு மாதம் தங்கி ஆராய்ச்சி பண்ண, கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் எட்டுப் பேரை எடுத்தார்கள். அதில் இவளும் ஒருத்தி.

இவளுக்குக் கிடைத்தது சிங்கி இறால். அறுபது இறாலின் முதுகில் நம்பர் போட்ட மஞ்சள் டேக் குத்திக் கடலில் விட்டாள். வலையில் மாட்டினால், எந்த இடத்தில் மாட்டியது என்று கடலுக்குப் போகிறவர்கள் போனில் சொல்ல வேண்டும். அதை வைத்து, இறால் எவ்வளவு தூரம் போகிறது என்று எழுதலாம். மீன் ஏலம் போடுகிற இடத்தில் நோட்டீசும் ஒட்டிவிட்டு வந்தாள்.

ஏழு வாரம் ஆயிற்று. ஒரு ஆள்கூடக் கூப்பிடவில்லை.

"ஒரு டேக் பத்தியாவது தகவல் வரணும் ரெனிஷா. வெறும் பேப்பர்ல நான் எப்படிக் கையெழுத்துப் போட?" காலையில், ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்கிற சபிதா மேடம் சொல்லிவிட்டார்.

அந்த எட்டுப் பேரில் ஒருவனான அபிலாஷ் சிரித்தான். "ஏட்டி, கிலோ ரண்டாயிரத்துக்குப் போற சாதனம். உனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு இருப்பாவளா? டேக்கைப் பிச்சு எறிஞ்சுட்டு வித்திருப்பாவ."

அவளால் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று கடற்கரைக்கு நடந்தாள்.

மீன் பிடிக்கப் போன வள்ளங்கள் அப்போதுதான் கரையில் ஏறியிருந்தன. முதல் வள்ளத்துப் பக்கம், வள்ளக்காரர் ஜேசுதாஸ் வலையிலிருந்து இறாலைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். ரெனிஷா ஒன்றும் கேட்காமல் கூடைக்குள் கையை விட்டாள். ஒவ்வொன்றாகத் தூக்கி முதுகைப் பார்த்தாள்.

டேக் இல்லை. டேக் பிய்த்த ஓட்டையும் இல்லை. முள் குத்தி விரலில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

"பிள்ளே, என்னத்தத் தேடுக?"

"மஞ்ச டேக் போட்டது ஒண்ணும் உங்க வலையில விழலியா மாமா?"

"விழுந்துதே! அஞ்சாறு விழுந்துது."

"அதெல்லாம் எங்க?"

"கடல்ல."

"பொய் சொல்லாதீங்க!" அவள் கத்தினாள். "எல்லாத்தையும் வித்துட்டு, கேக்க வந்தா கடல்லன்னு சொல்லுதிய! எனக்க படிப்பு போச்சு, தெரியுமா?"

பக்கத்து வள்ளத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜேசுதாசுக்குக் கோபம் வரவில்லை. கையை லுங்கியில் துடைத்தார்.

"மக்களே, அடுத்தவன் வலையில இருந்து அறுந்து வந்த மிதவை ஒண்ணு நம்ம கையில கிடைச்சா, அதுல அடிச்ச பெயிண்டப் பாத்து யாருக்குள்ளதோ அவன்கிட்டக் குடுத்திருவோம். அடுத்தவன் அடையாளம் போட்டத நாங்க எடுக்க மாட்டோம். இது நீ அடையாளம் போட்டுக் கடல்ல விட்ட சாதனம். அங்கேயே திரும்ப விட்டோம். இந்தக் கரையில ஒரு வள்ளக்காரனும் அதுல கை வைக்கல."

"ஒரு... ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாமா?"

"விட்டாச்சே. பின்ன என்னத்துக்குப் போன் போட்டு, படிக்கிற பிள்ளைய சல்லியம் பண்ணணும்?"

நோட்டீஸ் ஒட்டிய அன்று, போன் எதற்கு என்று நின்று நாலு வார்த்தை சொல்லாமல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மெதுவாகப் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "எந்த நம்பரு, எந்த இடத்துல மாட்டிச்சுன்னு... ஞாபகம் இருக்குமா?"

"கடல்ல இடம் மறந்தா நாங்க கரைக்கு வர முடியுமா?" ஜேசுதாஸ் சிரித்துவிட்டு, பக்கத்து வள்ளத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏலே வினோஜே! பதினேழாம் நம்பரு உனக்க வலையிலதானே ரண்டு தடவை வந்துது?"

வலையை உதறிக்கொண்டிருந்த வினோஜ் நிமிர்ந்தான்.

"மூணு தடவை. கடைசியா வந்த அன்னைக்கு, எனக்க வலையில அது ஒண்ணுதான் இருந்துது."