ஞாயிறு மட்டும்

"ஞாயித்துக்கிழமை மட்டுமாம்! பெத்த தாயைப் பார்த்துக்க அண்ணனுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒழிஞ்சிருக்கு, பாருங்க!"

லேப்டாப்பைக் கணவன் பக்கம் திருப்பினாள் சின்னவள்.

வெப்சைட்டுகளுக்கு புரோகிராம் எழுதுகிறவள் அவள். ஆபரேஷன் முடிந்து அம்மா அவள் வீட்டில்தான் படுத்திருந்தாள். அண்ணனும் அக்காவும் தங்களால் வர முடிந்த கிழமைகளை டிக் அடித்து அனுப்ப, அவளே ஓர் ஆன்லைன் படிவம் செய்து கொடுத்திருந்தாள்.

"உங்க அக்காவும் புதன் மட்டும்தானே போட்டிருக்காங்க?"

"அவளுக்குக் கைக்குழந்தை. பஸ் ஓட்டுற அண்ணனுக்கு என்ன? ஷிஃப்ட் மாத்திக்கக் கூடாதா?"

ஆத்திரம் தாங்காமல் போனைப் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் வாங்கண்ணா. அதுவே போதும் எங்களுக்கு!"



"சரி பாப்பா" என்று போனை வைத்தார் அண்ணன்.

"பெரியவன் வரலையா?" என்று அம்மா கேட்டபோதெல்லாம், "துரைக்கு ஞாயித்துக்கிழமைதான் ஒழியுமாம்" என்றாள்.

சனிக்கிழமை மாலை அம்மா போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் அக்கா பொரிந்து தள்ளினாள். "ஒரு நாள் பிச்சை போட்டான். அதுக்கும் வந்து சேரல!"

அண்ணன் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் மாடிப்படியில் தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லா நாளும்தான் டிக் அடிச்சேன் பாப்பா. டிப்போல கெஞ்சி லீவுகூட வாங்கிட்டேன். நீ ஞாயிறு மட்டும் போதும்னதும், அம்மாவுக்குத்தான் பழைய சண்டையில என்மேல கோபம் தீரலைபோலன்னு ஒதுங்கிட்டேன்."

அவள் ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்துவந்து படியிலேயே திறந்தாள்.

கிழமைக் கட்டங்களுக்கு வைத்த பெயரின் பின்னால் சதுர அடைப்புக்குறியைப் போட மறந்திருந்தாள். அது இருந்தால்தான் டிக் அடித்ததெல்லாம் ஓர் 'அரே'யாக, அதாவது ஒரே பட்டியலாக, சர்வரில் சேரும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் அடுத்தது அழித்துவிடும். கடைசிக் கட்டம் மட்டும் மிஞ்சும்.

கடைசிக் கட்டம், ஞாயிறு.

"அண்ணா... தப்பு நான் எழுதினதுல. அம்மா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

"கேட்டாங்களா?"

அவள் தலையை ஆட்டினாள்.

அண்ணன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுது ஓய்ந்ததும், உள்ளே அக்கா இருந்த அறையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்காகிட்ட இதைச் சொல்லிடாத பாப்பா. அப்புறம் உன் முகத்துலயே முழிக்க மாட்டா. நான் ஒரு நாள்தான் போட்டேன்னே இருக்கட்டும்."