நடுங்கிய பாட்டு

ஓர் ஒலிப்பதிவு அறையில் ஒரு கிட்டார் இருந்தது. எதிர் அலமாரியில் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று இருந்தது. பீப் பீப்பென்று பாடும் அந்தக் குட்டிப் பெட்டியின் குரல்மேல் கிட்டாருக்குக் கொள்ளை ஆசை. அதிலும் கடைசி நாட்களில் அது நடுங்கி நடுங்கி, அலையாய் நெளிந்து பாடியதை மறக்கவே முடியவில்லை. பிறகு ஒருநாள் பெட்டி ஊமையாகிவிட்டது.

கிட்டார், ஒலியை மாற்றித் தரும் ஃபேசர் பெடல் என்ற கருவியிடம் போய் நின்றது. "குரலை நெளிக்கிறதுதானே உன் வேலை? எனக்கும் அதே மாதிரி வரணும்."

பெடல் தன் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகியது. கிட்டார் ஒவ்வொரு சுரத்தையும் வெட்டி வெட்டி ஒலித்துப் பார்த்தது. பத்து நாள் படாத பாடு பட்டபின் அந்தக் குரல் வந்தேவிட்டது. மேடையில் கேட்ட கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அறைக்குத் திரும்பியபோது, யாரோ வீடியோ கேமுக்குப் புது பேட்டரி போட்டிருந்தார்கள்.

"அண்ணே, உங்க பாட்டுதான். கேளுங்க" என்று கிட்டார் வாசித்துக் காட்டியது.

பெட்டி முழுக்கக் கேட்டது. "பாட்டு சரிதான் தம்பி. அந்த நடுக்கம் எதுக்கு?"

"அதுதானே அண்ணே அழகு!"

"பேட்டரி தீர்ந்துக்கிட்டிருந்துச்சு தம்பி. யாராவது வந்து மாத்த மாட்டாங்களான்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தேன். நீ எதிர்லதானே இருந்தே?"



மறுநாள் மேடையேறியதும் கூட்டம் அந்தப் பாட்டைத்தான் வாசிக்கச் சொல்லிக் கேட்டது.

"நடுக்கத்தை விட்டுடலாமா?" என்றது பெடல்.

கிட்டார் கூட்டத்தைப் பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் கூட்டு" என்றது.