வந்து இறங்கியவள்

கண் தெரியாது, காது கேட்காது, தொட்டால் மட்டும் உணரும். அப்படி ஓர் உயிரோடு பேசுவது எப்படி என்று ஜீனத் கேட்டதுதான் தாமதம், அறிவியல் புனைகதை வாட்ஸப் குழு அமர்க்களப்பட்டது.

வேலை வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள். எந்தக் கிரகம், ஈர்ப்பு விசை எவ்வளவு, உடம்பில் ஓடுவது ரத்தமா வேறு ஏதாவதா என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

மூச்சுக்கு ஆக்சிஜன்தானா என்று கேட்டார் குழுவை நடத்தும் பாலாஜி. ஆக்சிஜன்தான், பால் பிஸ்கட் என்றால் உயிர் என்று ஜீனத் பதில் போட்டாள். சிரிப்பு முகங்கள் வந்து கொட்டின.

அவள் பொய் சொல்லவில்லை.

அந்தக் குழுவில் அரசியல் கூடாது, குட்மார்னிங் கூடாது, முக்கியமாகச் சொந்தக் கதை கூடாது. மீறினால் பாலாஜி முகதாட்சண்யம் பார்க்காமல் வெளியே தள்ளிவிடுவார். அதனால்தான் ஆறு வயது ரூக்ஸாரை ஜீனத் வேற்றுக்கிரகத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

ரூக்ஸார் அவள் கணவன் சமீரின் மகள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் கண்ணையும் காதையும் கொண்டுபோய்விட்டது. பெற்றவள் அடுத்த வருஷமே இறந்துபோனாள். ஜீனத் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

ஊட்டினால் சாப்பிடுகிறாள். குளிப்பாட்டினால் நிற்கிறாள். ஆனால் ஊட்டுகிற கை யாருடையது என்று அவளுக்குத் தெரியுமா? வீட்டில் புதிதாக ஒருத்தி இருக்கிறாள் என்பதாவது தெரியுமா?

ஜீனத்துக்கு அந்த ஒன்று தெரிந்தால் போதும். சமீரிடம் கேட்க வாய் வரவில்லை. தெரியாது என்று அவன் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

குழுக்காரர்கள் கில்லாடிகள்தான். எடுத்த எடுப்பில் தண்ணீர், சோறு என்று பாடம் நடத்தாதே, முதலில் நீ யார் என்று சொல் என்றார்கள். தொட்டால் புரிகிற மாதிரி உனக்கு ஒரு பெயர் வேண்டும். அதைத் தினமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஒருநாளும் மாற்றிவிடக் கூடாது.

அவள் அப்படியே செய்தாள். பக்கத்தில் போகும்போதெல்லாம் குழந்தையின் உள்ளங்கையில் விரலால் இரண்டு கோடு இழுத்தாள். அதுதான் ஜீனத்.

ரூக்ஸார் கூச்சத்தில் கையை மூடிக்கொள்வாள். இல்லாவிட்டால் பாவாடையில் துடைத்துக்கொள்வாள்.

இன்று பௌர்ணமி. சமீரின் கடை இருக்கிற செங்கம் ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது, இனி அந்தப் பக்கம் வண்டி விடமாட்டார்கள். ஆட்டோ சீட் தைக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை? மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, வழக்கம்போலக் காலையில் தன்னோடு கூட்டிப்போயிருந்த ரூக்ஸாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

இறக்கிவிட்டதும் ஜீனத் ஓடிப்போய் இரண்டு கோடு இழுத்தாள்.

ரூக்ஸார் துடைத்துக்கொண்டாள்.

ஜீனத்துக்கு மனசு விட்டுப்போயிற்று. அடுப்படியில் நின்றுகொண்டு, பதிலே இல்லை, நான் இருப்பதே அதற்குத் தெரியவில்லை என்று குழுவில் எழுதினாள்.

எப்போதாவது ஒரு வரி எழுதுகிற கவிநிலா என்ற பெண்ணிடமிருந்து உடனே பதில் வந்தது.

"அது இருக்கறது அதோட வீட்ல. வந்து எறங்குனது நீங்கதானே? நீங்க பேர் சொல்றதுக்கு முன்னாடியே அது உங்களுக்கு ஒரு பேர் வெச்சிருக்கும்."

ஜீனத் செல்போனைப் பிடித்தபடியே நின்றாள். எத்தனை வேற்றுக்கிரகக் கதை படித்திருப்பார்கள் எல்லோரும்! எப்படி அனுப்பலாம், எதை அனுப்பலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்களே தவிர, அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வருகிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கை கழுவிக்கொண்டிருந்த சமீரிடம் போனாள். கடையில் இருக்கும்போது ரூக்ஸார் கையால் ஏதாவது செய்வாளா என்று கேட்டுவிட்டாள்.

"இப்டி இப்டி மணிக்கட்டப் புடிச்சித் திருகிக்கினே இருப்பா. பசி எடுத்தா இன்னும் ஜாஸ்தி. ஒரு நாலு மாசமாத்தான் இந்தப் பழக்கம். சொறி போலன்னு தேங்காண்ணெ கூட தடவி உட்டேன்."

சமீர் ஈரக் கையோடு தன் வெறும் மணிக்கட்டைத் திருகிக் காட்டினான்.

ஜீனத் தன் கையைப் பார்த்தாள். முன்கையில் பாதி வரைக்கும் கண்ணாடி வளையல்கள். அந்த வீட்டில் வளையல் போட்டிருப்பவள் அவள் ஒருத்திதான்.

போய்க் குழந்தையின் எதிரே உட்கார்ந்தாள். கோடு எதுவும் இழுக்கவில்லை. கையை மட்டும் நீட்டிக் காத்திருந்தாள்.

சின்ன விரல்கள் காற்றில் துழாவி வந்து வளையல்களைப் பிடித்துச் சுற்றின. அப்புறம் ரூக்ஸார் தன் வெற்று மணிக்கட்டைத் திருகினாள். மறுபடி வளையலைத் தொட்டாள். மறுபடி தன் மணிக்கட்டை. ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமை அந்த முகத்தில் இருந்தது.

வெளிச்சமும் சத்தமும் எட்டாத அவ்வளவு தூரத்தில் ஜீனத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. அவள் அதை ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தயங்கித் தயங்கித் தன் வளையலைத் தானே திருகிக் குழந்தையைத் தொடவைத்தாள். ரூக்ஸார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான் சமீர்.

"இனிமே எண்ணெ தடவாதீங்க," என்றாள் ஜீனத். "கடையில அவ அப்டிப் பண்ணா எனக்குப் போன் போடுங்க. என்னத்தான் கூப்புடறா."