மேஸ்திரியின் குரோக்கெட்

பொரிப்பதற்காக உருட்டிய அந்தக் குரோக்கெட்டை மேஸ்திரி நாலாவது முறையாகத் திருப்பிப் பார்த்தார்.

கட்டைவிரல் நீளம், அதைவிடக் கொஞ்சம் பருமன். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய், மிளகுத்தூள், உப்பு. உள்ளே இருப்பது அவ்வளவுதான். இதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று பார்க்கிற யாரும் கேட்பார்கள். அவர் மனைவி கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

சுவர் பூசுவது அவர் தொழில். பூசி முடித்ததும் சுவரோடு கன்னத்தை ஒட்டிவைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். எங்காவது கடுகளவு மேடு தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டிலும் எல்லோருக்கும் அவர் மேஸ்திரிதான், மனைவி உட்பட.

அந்தக் கை இப்போது கிழங்கில் இறங்கியிருந்தது. மசித்ததை வெறும் சட்டியில் கிளறி ஈரத்தை ஓட்டினார். நன்றாக ஆறவைத்தார். உருட்டினார். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் ஈரவிரலால் தடவி மூடினார். மாவில் புரட்டி, முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் உருட்டினார். இரண்டு முனையிலும் தனியாகத் தூள் வைத்து அழுத்தினார். முனையில் பூச்சு நிற்காது என்று அவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பிறகு எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தார்.

தட்டைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெருமையாக இருந்தது. அச்சில் வார்த்த மாதிரி வரிசை. இருபது வருடம் குடும்பம் நடத்தியும் இந்த ஆளின் கைவேலை அவளுக்கு அலுக்கவே இல்லை.

கூடத்திலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அப்பா, இன்னைக்கே கிடைச்சிடுமா? இல்ல, நான் கல்யாணம் ஆகிப் போயிட்டு வந்து சாப்பிடணுமா?"

வேறு நாளென்றால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பார். இன்று எண்ணெய்ச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தார்.

கிழங்கு வேலை எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிக்கல் எண்ணெய்ச் சட்டிதான். இரண்டு வருடமாக அவர் அதில் எதையும் பொரிக்கவில்லை. இந்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் எல்லாம் உருட்டி வைத்துவிட்டு, எண்ணெய் காய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வீட்டில் எல்லோரும் ரொட்டியைத் தின்று பசியாறினார்கள். இன்றும் அணைத்தால் இனி இந்த மனுஷன் அடுப்புப் பக்கமே வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

எண்ணெய் காய்ந்தது.

ஒரு சிட்டிகை ரொட்டித்தூளைப் போட்டுப் பார்த்தார். பொரிந்து மேலே வந்தது. அவர் கை அடுப்புத் திருகின் மேல் போய் நின்றது.

"தள்ளி நில்லு" என்றார்.

"மாட்டேன். நீங்க போடுங்க."

இரண்டு வருடத்துக்கு முன்பு அன்றைக்கும் அவள் இதே இடத்தில்தான் நின்றாள். எல்லோருக்கும் பசி. ஆறாத கிழங்கை அவசர அவசரமாக உருட்டி, விரிசலைக் கவனிக்காமல் எண்ணெயில் போட்டார் மேஸ்திரி. அது வெடித்தது. அவர்மேல் ஒரு துளிகூடப் படவில்லை. அவளுக்குக் கன்னத்திலிருந்து தோள்வரை வெந்துபோனது.

மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்தாள். கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அந்தத் தழும்போடு அவள் எப்போதோ சமாதானமாகிவிட்டாள். அவர்தான் ஆகவில்லை.

மேஸ்திரி திருகிலிருந்து கையை எடுத்தார். முதல் குரோக்கெட்டைக் கரண்டியில் வைத்து மெதுவாக எண்ணெயில் இறக்கினார்.

வெடிக்கவில்லை. ஓரமெல்லாம் நுரைத்து, நிதானமாகச் சிவந்து, பொன்னிறத்துக்கு வந்தது. தட்டில் போட்டபோது சரக்கென்று சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அடுப்பை அணைத்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டாள்.

அடுத்ததைப் போட்டார். அதற்கடுத்ததையும் போட்டார்.

எல்லாம் வலது கையால். இடது கையை அகல விரித்து, எண்ணெய்க்கும் அவள் கன்னத்துக்கும் நடுவில் மறைப்பாகப் பிடித்திருந்தார். கடைசிக் குரோக்கெட் வெந்து வரும்வரை அதை அவர் இறக்கவில்லை.