பவளத்துக்கு ஒரு விளக்கு

புதுப்பட்டினத்தில் இருந்த அந்த மீன்தொட்டிக் கடைக்குள் மைதிலி ஏறக்குறைய ஓடித்தான் வந்தாள்.

"வேதகிரி, பவளமெல்லாம் வெளுத்துக்கிட்டே வருது. திங்கட்கிழமை வரைக்குமாவது உயிரோட இருக்கணும். விலை குறைவா நல்ல லைட் இருக்கா?"

கடைக்காரர் வேதகிரியின் முகம் வாடியது. "இப்ப இன்னா லைட்டு போட்டுகினு கீறீங்க?"

"சாதா டியூப் லைட்தான்."

"அய்யோ, அது ஒத்துக்காது மேடம். அதுங்களுக்கு நீல வெளிச்சம்தான் சோறு."

கண்ணாடி அலமாரியில் இருந்த வெளிநாட்டு விளக்கின் விலையைப் பார்த்ததும் மைதிலிக்குப் பகீரென்றது.

"அது எதுக்கு? ரெண்டடி தொட்டிதானே" என்று வேதகிரி சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்றை எடுத்து நீட்டினார். "இது போதும். நீலத்தை ஜாஸ்தியா, வெள்ளையைக் கம்மியா வையுங்க. தண்ணிக்கு ஒரு அடி மேல தொங்கவுடுங்க. மொத நாளு நாலு மணி நேரம்தான். இல்லாங்காட்டி கருகிடும்."

மைதிலி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "பிழைச்சிடுமா?"

"பொழைச்சிடும் மேடம்."

விளக்கை வாங்கிய பிறகும் அவளுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. வனத்துறை அதிகாரியான அவள்தான் போன வாரம் இதே கடையில், விற்கத் தடை செய்யப்பட்ட அந்தப் பவளங்களைப் பறிமுதல் செய்து, வேதகிரி மேல் வழக்குப் போட்டவள்.

"திங்கட்கிழமை கோர்ட்ல இதை உயிரோட காட்டினா கேஸ் இன்னும் பலமாயிடும். உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்" என்றார் வேதகிரி. "நின்னு பேசிகினு கீறீங்களே மேடம், மொதல்ல போய் லைட்டை மாட்டுங்க!"