நல்லரத்தினத்தின் ஒரே பாட்டு

நல்லரத்தினம் மேடையில் மைக்கைப் பிடித்ததும் நான் கீழே மிக்ஸரில் அவருடைய குரலை அடியோடு இறக்கிவிட்டேன்.

கரோக்கே இசைக்குப் பதிலாக, லேப்டொப்பில் தயாராக வைத்திருந்த அசல் பாட்டை ஓடவிட்டேன்.

அறுபது வருடத்துக்கு முன்பு பம்பாயில் பதிவான ஹிந்திப் பாட்டு. பாடியவரும் போய்விட்டார், இசையமைத்தவரும் போய்விட்டார். இருவருடைய மானத்தையும் காப்பாற்ற ஆரையம்பதியில் அன்றைக்கு நான் ஒருவன்தான் இருந்தேன்.

நான் இன்ஷாப், காத்தான்குடியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். வாவிக்கரை ஊர்களின் பாட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் இருபது வருடமாக மிக்ஸருக்குப் பின்னால் இருந்து கேட்டிருக்கிறேன். ஒருவரையும் எனக்குப் பிடிக்காது.

விழாவின் பெயர் 'பழைய ஹிந்தி இசை மேதைகளுக்கு ஒரு மாலைப்பொழுது'. பேனரில் எட்டு இசையமைப்பாளர்கள், எட்டுப் பாடகர்கள். அந்த எட்டில் இரண்டு பேர் பாடகர்களே இல்லை, படத்தில் வாயசைத்த நடிகர்கள். அவர்களுக்கும் சேர்த்து மல்லிகை மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்.

ஒரு சின்ன இடையிசைக்காக அறுபது வயலின்காரர்களைப் பொழுதுபடும்வரை காக்கவைத்த மனிதர்கள் அந்த இசையமைப்பாளர்கள். இங்கே ரசிகர் மன்றத் தலைவர் ஜெயரூபன் அதைக் கீபோர்டில் ஒற்றை விரலால் முடித்துவிட்டார். பாடியவர்கள் எல்லாரும் ஹிந்தி வரிகளைச் சீஆர் கொப்பியில் தமிழில் எழுதிவைத்து வாசித்தார்கள். என்ன அர்த்தம் என்று கேட்டால் காதல் என்பார்கள். எந்தப் பாட்டைக் கேட்டாலும் காதல்தான்.

எல்லாரிலும் மோசம் நல்லரத்தினம்.

வெல்லாவெளிப் பக்கம் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட வட்டைவிதானை அவர். வரம்பில் நின்று சத்தம் போட்டே பழுதாய்ப்போன குரல். மண்டபம், சாப்பாடு, ஒலிபெருக்கி எல்லாம் அவர் பொறுப்பு. பதிலுக்கு விழா முடிவில் அவருக்கு ஒரே ஒரு பாட்டு. அந்த ஒரு பாட்டுக்குக் கழுத்தைச் சுற்றிச் சால்வை, கையில் சுடுதண்ணிப் போத்தல். எடுப்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

மத்தியானம் ஒத்திகையில் பாடிக் காட்டினார். முதல் வரி, தகரத்தில் ஆணியால் கீறியதுபோல இருந்தது. இரண்டாவது வரியில் சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

"தம்பி, மற்றாக்கள்ட விட்டாலும் காரியமில்ல. என்ட பாட்ட மட்டும் வடிவா ரெக்கோட் பண்ணித் தாங்க" என்றார்.

பேஸ்புக்கில் போடத்தான், வேறெதற்கு? தலையாட்டி வைத்தேன். இந்தக் குரல் என் மிக்ஸரைத் தாண்டாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது பல்லவி முடிந்ததும் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தான் பாடப் பாட இன்னொருவருடைய குரல் மண்டபத்தை நிறைப்பது அவருக்குக் கேட்காமல் இருக்குமா? நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். காப்பாற்றிவிட்டேன், பேசாமல் வாயசையுங்கள் என்று அர்த்தம்.

அவர் வாயசைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நரம்பு புடைக்க, கடைசி வரி வரைக்கும் உண்மையாகவே பாடினார். செத்துப்போன மைக்கில் ஒரு மனிதர் அப்படி வேர்க்க விறுவிறுக்கப் பாடியதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருந்தது.

சபை எழுந்து கைதட்டியது. நாற்பது போன்களாவது உயர்ந்து நின்றிருக்கும்.

ஜெயரூபன் ஓடிப்போய்ப் பொன்னாடை போர்த்தி, "அச்சு அசல் அவரேதான்!" என்று மைக்கில் கத்தினார். மடையன். அவரேதான்.

நான் வயர்களைச் சுருட்டத் தொடங்கினேன். முன்வரிசையில் இருந்த நல்லரத்தினத்தின் மனைவி இலட்சுமிப்பிள்ளை ஒரு பென்டிரைவோடு என் மேசைக்கு வந்தார்.

"மகன், ஸ்பீக்கர்ல மற்றக் குரல்தான் கூடக் கேட்டிச்சி. அத எடுத்துப்போட்டு, இவர்ட குரல மட்டும் இதில போட்டுத் தாங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. அந்தக் குரலை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் அம்மா என்று கேட்டேவிட்டேன்.

"வியாழக்கிழம மகரகம கென்சர் ஆசுபத்திரியில ஒப்பரேசன். குரல்வளைய எடுக்கப்போறாங்க. போன்ல எடுத்துவைப்பம் எண்டன். இல்ல, உனக்கு மைக்கில வடிவாப் பாடித் தாறன் எண்டுதான் மனிசன் இவ்வளவும் செஞ்சவர்."

சொல்லிவிட்டு என் கதிரையில் உட்கார்ந்தார்.

மிக்ஸரில் இருந்து எடுத்த பதிவில் ஒரு குரல்தான் இருந்தது. உலகம் முழுக்கக் கிடைக்கிற குரல். அந்த நாற்பது போன்களிலும் அதேதான் இருக்கும்.

நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். இன்னொருமுறை பாடுங்கள் ஐயா, இரண்டு வரி போதும் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

நல்லரத்தினம் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மீதமிருந்த குரல் முழுவதையும் அந்த ஒரு பாட்டிலேயே பாடி முடித்திருந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டு, பரவாயில்லை என்பதுபோல என் தோளைத் தட்டினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கீழே இலட்சுமிப்பிள்ளை என் ஹெட்போனை மாட்டி, இரண்டு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, போடுங்கள் என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.