ஐந்து பெயர்கள்

‘இணைப்பு இல்லை’ என்று கம்ப்யூட்டர் மறுபடியும் கையை விரித்தது.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் ஞானதாஸ் அதன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். எய்தவன் இருக்க அம்பை நொந்து என்ன பயன்?

போன் வழியே மெட்ராஸைப் பிடிக்கும் மோடத்தின் வேகத்தை மாற்றிப் பார்த்தாயிற்று. அதை அணைத்துப் போட்டாயிற்று. உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்த பிளக்கை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தாயிற்று. மெட்ராஸில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் இவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

பழவேற்காட்டு மீனவர் சங்கத்துக்கு இந்தப் பெட்டி வந்தது எண்பத்தெட்டில். அன்றிலிருந்து அதில் டைப் அடிக்கும் லத்தீபா இன்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புயலில் போன லைட்ஹவுஸ் குப்பத்து ஆட்கள் ஐந்து பேர். இறந்துவிட்டார்கள் என்று அவர்கள் பெயர் மாலைக்குள் மெட்ராஸுக்குப் போய்ச் சேராவிட்டால் உதவித்தொகை கிடையாது. ஐந்து வீட்டிலும் பிள்ளைகள் கஞ்சிக்கு அல்லாடிக்கொண்டிருந்தன.

“எலி கடிச்சிருக்கும். போன் ஒயரைப் பாரும்மா” என்று சொல்லிவிட்டு ஞானதாஸ் டீ குடிக்கப் போனார்.

லத்தீபா மேசைக்கு அடியில் நுழைந்தாள். சுவரோரம் கம்பி அறுந்து கிடந்தது.

எலி இல்லை. மீன் அரியும் கத்தியால் ஒரே வெட்டு. செதில்கூட ஒன்று ஒட்டியிருந்தது.

நிமிர்ந்தாள். வாசலில் வேலம்மா. காலையில் மீன் விற்று, பகலில் ஆபீஸ் பெருக்குகிறவள். ஐவரில் ஒருவன் அவள் புருஷன்.

“அனுப்பாத பாப்பா. ஒடம்பு கரை ஒதுங்காம செத்துட்டார்னு சொன்னா, அப்பால கடலு ஆள வுடவே வுடாது.”

குப்பத்தில் எல்லாருக்கும் அந்தப் பயம்தான். மற்ற நாலு பெண்களும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு உதவித்தொகை மனுவில் கைநாட்டு வைத்துவிட்டார்கள். வேலம்மா மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் மாமியார் காசியம்மாள் வந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

“சரிக்கா. ஒங்க ஊட்டுக்காரர் பேரை அனுப்பல.”

லத்தீபா கம்பியைப் பல்லால் உரித்து முறுக்கினாள். மோடம் கிறீச்சிட்டது. மெட்ராஸ் பதில் சொன்னது.

நாலு பெயர் அடித்ததும் விரல் நின்றது.

வேலம்மாவின் சின்னது நேற்று சங்கத்து வாசலில் யாரோ சிந்திப்போன கருவாட்டுத் துண்டைப் பொறுக்கி, மண்ணோடு தின்றது. லத்தீபா ஐந்தாவது பெயரையும் அடித்து அனுப்பினாள்.

திரையில் ஓடிய இங்கிலீஷ் வேலம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

“எத்தினி பேரு போச்சு பாப்பா?”

“நாலுக்கா.”

புயலுக்குப் பிறகு வேலம்மா சிரித்து லத்தீபா பார்த்தது அப்போதுதான்.

“அவரு வரட்டும். மொதல்ல ஒன்னாண்டதான் இட்டாருவேன்” என்று சொல்லிவிட்டு அவள் பெருக்கத் தொடங்கினாள்.